அரைப்பேர்

நன்றி எழுதுவதற்கென்று கொப்பி வாங்கப் போன இடத்திலேயே கடைக்காரரோடு எனக்குச் சண்டை வந்துவிட்டது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற கடை. வழக்கமாக வாங்குகிற அதே சீ.ஆர். கொப்பிதான், விலை மட்டும் முப்பது ரூபா ஏறியிருந்தது. "தாள் வெல கூடிப்போச்சு சேர்" என்றார். நான் விடவில்லை. டொலர் இறங்கும்போது இறங்காத விலை, ஏறும்போது மட்டும் எப்படி ஏறுகிறது என்று தொடங்கி, நாட்டின் கடன், வியாபாரிகளின் மனச்சாட்சி என்று ஒரு பாடவேளை முழுக்க நடத்திவிட்டேன். பின்னால் ஒரு பென்சிலோடு நின்ற பிள்ளை, "சேர், நான் இதுக்குக் காசு குடுத்துட்டுப் போயிறட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் பாடம் முடிந்தது. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'நன்றிக் கொப்பி' என்று எழுதி, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டேன். கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டேன். இலக்கங்களுக்கு நேரே எழுத ஒன்றும் வரவில்லை.

இந்த வேலைக்கு என்னை இழுத்துவிட்டது நுவரெலியாவில் நடந்த ஒரு செயலமர்வு. 'ஆசிரியர்களின் உளநலம்' என்று தலைப்பு. எங்களுக்கு அது இல்லை என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்களே என்று முதலில் ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய ஆறுதல். கொழும்பிலிருந்து வந்திருந்த வளவாளர் தங்கமான மனிதர். குளிரில் பல்லெல்லாம் கிட்டிக்கொள்ள, மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டபடியே பேசினார். பத்து மணிக்குத் தேநீர் வந்ததும், "குடித்துவிடாதீர்கள்" என்றார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார். இந்தத் தேநீர் நம் கைக்கு வந்துசேர எத்தனை பேர் உழைத்திருப்பார்கள், இதற்கான கொழுந்தைப் பறித்த, நாம் பார்த்தேயிராத அந்தப் பெண்ணின் கைகளை நினைத்துப் பாருங்கள் என்றார்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். ஏழெட்டுப் பேரைத் தவிர மற்ற எல்லாருடைய அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். சிலருடைய அம்மா அந்த நேரத்திலும் மலையில்தான் நின்றிருப்பார். எனக்குப் பக்கத்தில் இருந்த மஸ்கெலியா டீச்சர் மூடிய கண்ணைத் திறக்காமலே, "எங்கம்மாவ நான் பார்த்திருக்கேன் சேர்" என்றார். மண்டபமே சிரித்தது. வளவாளரும் சிரித்தார். தேநீர் ஆறிப்போனது.

கொப்பி வாங்கிய அன்றைக்கு இராத்திரி அதன் வெற்றுப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தபோது அந்தக் கைகளைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் 4 கிலோ தூள். கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 2,000 கோப்பை. ஒரே நாளில் எங்கள் அம்மா இரண்டாயிரம் பேருக்குத் தேநீர் கொடுத்திருக்கிறார்! எழுந்து நின்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதுல ஒன்னாவது ஒங்க கையால அவங்களுக்குப் போட்டுக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள். நான் விட்ட இடத்தில் தொடர்ந்தேன். அம்மா மலையில் நின்றது முப்பத்தைந்து வருஷம். ஞாயிறு, தீபாவளி, பிள்ளைப்பேறு, மழைக்கு வேலை நின்ற நாள், கொழுந்து இல்லாத மாதம் எல்லாவற்றையும் கழித்துப் பெருக்கப் போய், நடுவில் எங்கோ ஒரு பூச்சியம் தவறிவிட்டது. நான் படிப்பிப்பது தமிழ். நன்றிக் கொப்பியின் முதல் பக்கம் முழுக்க, அடித்தல் திருத்தலோடு, தப்பான ஒரு பெருக்கல் கணக்கு.

வளவாளர் சும்மா சொல்லவில்லை, ஆராய்ச்சிகளைக் காட்டித்தான் சொன்னார். 2003-இல் ரொபர்ட் எமன்ஸ், மைக்கல் மக்கலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் வாரத்துக்கு ஒரு தடவை, நன்றியோடு நினைக்கத் தோன்றியவற்றில் ஐந்தை எழுத வேண்டும். இரண்டாவது கூட்டம் எரிச்சலூட்டியவற்றில் ஐந்தை. மூன்றாவது கூட்டம் பொதுவாக நடந்தவற்றை. பத்து வாரத்துக்குப் பிறகு பார்த்தால், நன்றி எழுதிய கூட்டம் மற்றவர்களைவிட வாழ்க்கையில் திருப்தியோடு இருந்தது. உடம்பு நோவு பற்றிய முறைப்பாடு குறைந்திருந்தது. உடற்பயிற்சிகூடக் கூடுதலாகச் செய்தார்களாம். 2005-இல் மார்ட்டின் செலிக்மன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னும் சுருக்கினார்கள்: தினமும் இராத்திரி, அன்று நடந்த மூன்று நல்ல காரியங்கள், அவை ஏன் நடந்தன என்ற காரணத்தோடு. ஒரே ஒரு வாரம் செய்தால் போதும். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது.

ஒரு வாரந்தானே என்று நினைத்தேன். என் வாரம் இது.

திங்கள்: மழை இல்லை. செவ்வாய்: மழை பெய்தது, ஆனால் குடை இருந்தது. புதன்: குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன், பழைய குடைதான். வியாழன்: அதிபர் இன்றைக்கு லீவு. வெள்ளி: பக்கத்து வீட்டு நாய் இராத்திரி மூன்று மணிக்குப் பிறகு குரைக்கவில்லை. சனி: நாய்க்கு நன்றி சொல்வதா, நாயை வளர்க்கிறவருக்குச் சொல்வதா, அல்லது மூன்று மணிவரை குரைத்ததற்கு அவரோடு பேசுவதா? ஞாயிறு மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் இருந்தபடி முதல் நாள் திகதியைப் போட்டு மூன்று வரி எழுதி நிரப்பினேன். மேலதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்தால் ஒரு மாதத்துப் பாடக்குறிப்பை ஒரே இராத்திரியில் எழுதிப் பழகிய கை.

வாசித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கொப்பியின் பெயர்தான் நன்றி. உள்ளே இருந்தவன் எமன்ஸின் இரண்டாவது கூட்டத்து ஆள்.

தோட்டத்துக் கணக்கில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் பெயருக்கு நேரே விழுகிற அடையாளம். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அம்மா காலத்தில் பதினாறு, பதினெட்டு என்று இருந்தது. நிறுக்கிறபோது ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. பதினெட்டு நிறைய வேண்டிய தராசு பதினேழரையில் நின்றுவிட்டால் அம்மா கீழே சிந்திய கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் கொப்பியை அந்தத் தராசில் வைத்தால், கழிவெல்லாம் போக, அரைப்பேர் விழுந்தாலே அதிகம்.

இரண்டாவது வாரம் எனக்கு ஒரு விடுதலை கிடைத்தது. தொலைபேசியில் தேடிக்கொண்டு போனபோது சோன்யா லியுபொமிர்ஸ்கி என்பவர் கண்டது தட்டுப்பட்டது. வாரத்துக்கு ஒரு தடவை நன்றி எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியதாம், மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கூடவில்லையாம். இதையும் ஓர் ஆராய்ச்சியாளர்தானே சொல்கிறார்! அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு தடவை எந்தக் கிழமை என்பதை முடிவுசெய்ய மூன்று வாரம் போனது.

எழுத்து சரிவரவில்லை, வாயால் சொல்லிப் பார்க்கலாம் என்று அடுத்த முயற்சி. அங்கேதான் ஒன்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் 'நன்றி' அன்றாடம் வாயில் புழங்குகிற சொல் இல்லை. மேடையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து பாதிப் பேர் எழுந்து போன பிறகு ஒருவர் நன்றியுரை சொல்வார். ஏசுவதற்கும் இருக்கிறது, நன்றி கெட்டவன் என்று. ஆகவே அந்தச் சொல்லைக் காதால் கேட்கிறவன் ஒன்று வெற்றுக் கதிரைகளுக்கு நடுவில் இருப்பான், இல்லாவிட்டால் ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பான். இதில் வேடிக்கை, அரசாங்கக் காரியாலயத்துக்குப் போனால் சிங்களத்தில் 'பொஹொம ஸ்துதி மாத்தயா' என்று தடுமாறாமல் வருகிறது. தமிழில் சொல்லப்போனால் தொண்டையில் நிற்கிறது.

டிக்கோயா பஸ்ஸில் இறங்கும்போது கண்டக்டரிடம், "நன்றி தம்பி" என்றேன். அவர் தன் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மிச்சக் காசு தந்தேனே சேர்?" என்றார். பின்னால் இறங்க வேண்டியவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள் காலையில் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தபோது, கண்ணைப் பார்த்து, வளவாளர் சொல்லித் தந்தபடி, "நன்றி" என்றேன். "என்னத்த ஒடச்சீங்க?" என்றாள். பாருங்கள், அன்றைக்கென்று நான் பிளாஸ்க்கின் உள்கண்ணாடியை உடைத்து, மூடி வைத்திருந்தேன்.

தமிழ் படிப்பிக்கிறவனுக்குத் தப்ப ஒரு வழி இருக்கும். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தை நடத்துகிறவன் நான். அந்தப் பத்துக் குறளிலும் நன்றியை வாய்விட்டுச் சொல்லும்படி வள்ளுவர் எங்கேயும் கேட்கவில்லை, மறக்காமல் இரு என்றுதான் கேட்கிறார் என்று மனைவிக்கு விளக்கினேன். நல்ல விளக்கம். இப்போதும் அதில் எனக்குப் பிடிப்பு உண்டு. அவள் கேட்டது ஒரே கேள்வி: "சரி, மறக்காம இருக்கீங்களா?"

என்னிடம் இன்னொரு சாட்டும் இருந்தது. அது கொஞ்சம் கனமானது. எங்கள் தாத்தா, துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் ஒதுங்கி நின்றவர். மழை பெய்தால் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நிற்பார். 'தொர புண்ணியத்துல' என்று தொடங்காமல் அவருக்கு ஒரு பேச்சு வராது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தாத்தா எந்தக் கணக்கில் இருந்தார் என்று அவருக்கே தெரியாது. தெரியாமலே செத்துப்போனார். தொர புண்ணியத்துல பெட்டி கிடைத்தது என்று பாட்டி சொன்னாராம்.

இந்த வழியில் வந்தவனுக்கு நன்றி என்றதும் முதுகு நிமிராமல் என்ன செய்யும்? வருஷக்கணக்காகக் கேட்டு, தெருவில் உட்கார்ந்து, 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோது, வேலை செய்ததற்குக் கூலி வாங்கியவர்கள் யாருக்கு ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் அறையில் முழங்கினேன். மேசையைத் தட்டினார்கள். அந்தப் பேச்சில் ஒரு சொல்லையும் இன்றைக்கும் திரும்ப எடுக்க மாட்டேன். பிறகு 2023 வந்தது. மலையகத்துக்கு 200 வருஷம். கடல் தாண்டி இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். நானும் தலைமன்னாரிலிருந்து நடக்கப்போவதாக அதே ஆசிரியர் அறையில் அறிவித்தேன். போனது கடைசி நாள் மாத்தளைக்கு. கூட்டத்தோடு கொஞ்சத் தூரம் நடந்தேன், புதுச் சப்பாத்து கடித்தது, பஸ் ஏறிவிட்டேன். அந்தக் காட்டு வழியில் விழுந்தவர்களுக்கு என் அஞ்சலி, குதிகாலில் ஒரு கொப்புளம்.

இதில் நான் செய்த திருகுதாளம் எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. உரிமையைத் தந்ததற்கு எவனுக்கும் நன்றி சொல்ல மாட்டேன் என்ற நல்ல கொள்கையை, எனக்குச் சோறு கட்டித் தந்த கைகளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். கொள்கைக்குச் செலவில்லையே.

அம்மா இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார். டிக்கோயாவிலிருந்து மேலே ஏற வேண்டும், பன்னிரண்டு காம்பரா லயம். டவுனுக்கு வாங்க என்றால், "அங்க வந்து யாரோட சண்ட போடுறது?" என்பார். அவர் வாயிலிருந்தும் நன்றி என்ற சொல்லை நான் கேட்டதில்லை. காலையில் மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போடுகிறபோது 'பொலி' என்பார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். தைப்பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் சூரியன் சொன்ன நேரத்துக்கு வருகிற வழக்கமில்லை. தை மாதம் பனி விழுந்து கொழுந்து கருகிக் கிடக்கும், விடிந்து வெகுநேரத்துக்கு எதிர் மலைகூடத் தெரியாது. அம்மா பானையைப் பொங்கவிட்டு, வெள்ளையாக மூடிக் கிடக்கிற மூடுபனியைப் பார்த்துக் கையெடுப்பார். சின்ன வயதில் நான், "எங்கம்மா சூரியன்?" என்று கேட்பேன். "அங்கினதான் இருக்கும், கும்பிடு."

லயத்துக்கென்று இன்னொரு வழக்கம் உண்டு. கிண்ணம் வெறுமனே திரும்பாது. ஒரு வீட்டில் கீரை கடைந்தால், நெத்தலி வறுத்தால், அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். அந்தக் கிண்ணத்தைக் கழுவி, அன்றைக்கோ மறுநாளோ, எதையாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனி. சீனியும் இல்லாவிட்டால் நாலு பச்சைமிளகாய், ஒரு கறிவேப்பிலைக் கொத்து. ஒரு தடவை எங்கள் வீட்டில் எதுவுமே இல்லாமல், அம்மா கிண்ணத்தில் அடுப்புத் தணலைப் போட்டுக் கொடுத்தனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் நெருப்புக்குச்சி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தவரும் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கியவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஹட்டன் டவுனில் என் வீட்டு அலமாரிக்கு மேலே அப்படி வந்த கிண்ணங்கள் மூன்று கிடந்தன. அம்மாவைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் லயத்து ஆட்கள் கட்டிக் கொடுத்தவை. இரண்டு பிளாஸ்டிக். ஒன்று எவர்சில்வர். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, நடுவில் ஓர் எழுத்து தேய்ந்தது. கடைசிக் காம்பராச் சின்னம்மாவுடையது. போன தீபாவளிக்கு முறுக்கோடு வந்தது. சொந்தச் சின்னம்மா இல்லை, லயத்தில் எல்லாருக்கும் சின்னம்மா. அம்மாவோடு ஒரே மலையில் நின்றவர். நானும் என் கொப்பியும் அந்தக் கிண்ணத்துக்கு நேர்கீழே உட்கார்ந்துதான் நன்றி சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

கொப்பியும் போய், வாயும் போய், கடைசியாக மிச்சமிருந்தது கடிதம். செலிக்மன் அதையும் செய்து பார்த்திருக்கிறார். சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் போய்க் கொடுப்பது. அவர் சோதித்தவற்றில் உடனடியாக மகிழ்ச்சியை அதிகம் கூட்டியது அதுதான், ஒரு மாதம்வரை தாங்கியதாம். நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள் என்று வளவாளர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எழுதினேன். மூன்று பக்கம். 'என்னை ஈன்று புறந்தந்த அன்னையே' என்று தொடக்கம். ஒரு சனிக்கிழமை போனேன். அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கடுதாசி வாசிக்கப் போறேன்."

"யாரு போட்டது?"

"நாந்தான்."

"நீதான் இங்க இருக்கியே?"

இதற்குச் செலிக்மன் பதில் வைத்திருக்கிறாரா தெரியவில்லை. நான் வாசிக்கத் தொடங்கினேன். முதல் பந்தி முடிவதற்குள் அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டார். "ஏன்யா, ஒடம்புக்குச் சொகமில்லையா? ஆஸ்பத்திரில ஏதும் சொன்னாங்களா?" இல்லை என்றேன். "அப்ப கடனா?" அதுவும் இல்லை என்றேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை. அரிசியில் கை வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பக்கத்தில்தான் என் உச்சம் இருந்தது. தொண்ணூறுகளில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானபோது பெட்டி, மெத்தை, சப்பாத்து எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. 'தங்கள் செவிகளை வெறுமையாக்கி என் எதிர்காலத்தை நிறைத்த' என்று எழுதியிருந்தேன். குரல் தழுதழுக்க வாசித்தேன். எழுதும்போதே எங்கே தழுதழுக்க வேண்டும் என்று குறித்தும் வைத்திருந்தேன்.

"அது என்னாது, செவி?"

"தோடும்மா. பத்தனைக்குப் போறப்ப நீங்க வித்தீங்களே."

"எந்தோடா? அது ஒங்கப்பா ஆஸ்பத்திரில கெடக்கையிலயே போயிருச்சே." அம்மா சுளகை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நீ சொல்றது சின்னம்மா தோடு. அவதான் கழட்டிக் குடுத்து அடகு வச்சா."

அம்மாவின் காதில் தோடு இல்லை, வீட்டுக்குப் பெட்டி வந்தது. இரண்டையும் நானே கூட்டிக்கொண்டேன், இந்த வருஷங்கள் முழுக்க. பெருக்கல் மட்டுமல்ல, எனக்குக் கூட்டலும் வராது.

"மீட்டாங்களாம்மா?"

"எங்க மீட்டா? வட்டி கட்ட முடியாம மூழ்கிப் போச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவதான் சொல்ல வேணாம்னா. தெரிஞ்சா அவளப் பாக்கிறப்பல்லாம் புள்ள ஒதுங்கி நிப்பான்னா." ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். "இப்பதான் ஒனக்கே தல நரச்சிருச்சே. சொன்னா என்ன?"

மூன்றாவது பக்கத்தை நான் வாசிக்கவில்லை.

சின்னம்மாவின் காதுத் துளையில் ஈர்க்குக் குச்சி செருகியிருக்கும். துளை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகுவது. அதை நான் நன்றாகக் கவனித்திருக்கிறேன். எவ்வளவு நன்றாக என்றால், ஆசிரியராகி நாலைந்து வருஷத்தில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுதிய கதையில் அந்தக் காதையும் குச்சியையும் அப்படியே போட்டேன். தோட்டத்து வறுமையைக் காட்ட அது பொருத்தமாக இருந்தது. மூன்றாம் பரிசு கிடைத்தது. 'கூர்ந்த அவதானிப்பு' என்று நடுவர் பாராட்டினார். சான்றிதழ் இன்னும் முன்னறைச் சுவரில் தொங்குகிறது.

அடுத்த வாரம் ஹட்டனில் ஒரு நகைக் கடைக்குள் ஏறினேன். ஒரு சோடித் தோடு என்ன விலை வரும் என்று கேட்டேன். சொன்னார்கள். ஒரு பவுன் என்ன விலை என்று கேட்டேன். அதையும் சொன்னார்கள். சும்மா மோதிரம் பார்க்க வந்தவனைப் போல இரண்டு நிமிடம் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தேன். "டொலர் இறங்கும்போது..." என்று தொடங்குகிற என் பேச்சு அன்றைக்கு ஏனோ வரவில்லை.

சனிக்கிழமை எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, சீனி நிரப்பி, பையில் வைத்துக்கொண்டு மலையேறினேன். நல்ல மழை. சொல்ல வேண்டியதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இந்தத் தடவை ஈன்று புறந்தருதல் எல்லாம் இல்லை, சின்னச் சின்ன வாக்கியங்கள். கடைசிக் காம்பராவில் சின்னம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். புகைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார். காதில் குச்சி. எனக்கு எல்லா வாக்கியமும் போய்விட்டது.

"சின்னம்மா, கிண்ணம்."

"இதுக்காடா இந்த மழையில வந்த?"

சீனியை ஒரு டின்னில் கொட்டினார். கிண்ணத்தைக் கழுவினார். அம்மியடியில் இருந்த கருவாட்டுச் சம்பலை வழித்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு வாழையிலைத் துண்டை வைத்து மூடி, என் கையில் தந்தார்.

"சின்னம்மா, அந்தத் தோடு..."

"என்னா தோடு? இருட்டுறதுக்கு முந்தி எறங்கு. கட பஸ்ஸ விட்டா நடந்துதான் போகணும்."

இறங்கினேன். பஸ் கிடைத்தது. சம்பல் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. கிண்ணம் மறுபடியும் எங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே இருக்கிறது. இன்றோடு பத்தொன்பது நாள்.